அரை அங்குல உளி நான்கு, கூர் ஒன்றிலும் இல்லை

சின்ன மரப்பெட்டி ஒன்றுக்குக் கீல் பதிக்க வேண்டியிருந்தது. கீலின் தகடு உட்கார இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கையில் அகப்பட்ட அரை அங்குல உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். மரம் வெட்டுப்படவில்லை, நசுங்கியது. பள்ளத்தின் ஓரம் நார் நாராகப் பிய்ந்து எழும்பி நின்றது. சரி, இன்னொன்று இருக்கிறதே என்று எடுத்தால் அதன் வெட்டும் வாயில் ஒரு மூலை உடைந்திருந்தது. மூன்றாவது உளி வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, சாணைக்கல்லில் ஒருமுறைகூட அதை வைத்ததில்லை. நான்காவது ஒரு பழைய உளி, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அதன் பின்பக்கத்தில் வாய் வரைக்கும் துருப் புள்ளிகள். ஒரே அளவில் நான்கு உளிகள் இருந்தும் ஒரு கீலைப் பதிக்க வழியில்லாமல் அன்று மாலை நின்றேன்.

பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் இருந்த எல்லா உளிகளையும் மேசையில் வரிசையாக அடுக்கினேன். மொத்தம் 17. கட்டைவிரல் நகத்தின் மேல் உளியின் வாயைச் சாய்வாக, அழுத்தம் கொடுக்காமல் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். கூர் உள்ள உளி நகத்தைக் கவ்வி நிற்கும், மழுங்கியது வழுக்கிக்கொண்டு போகும். அந்த 17இல் மூன்று நின்றன. மற்ற 14உம் வழுக்கின.

மரவேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. நான் தொடங்கியபோது என்னிடம் நான்கு உளி, ஒரு இழைப்புளி, ஒரு ரம்பம், ஒரு மூலைமட்டம் இருந்தன. பத்து வருடத்தில் அது இரண்டு அலமாரியும் ஒரு பெட்டியுமாக வளர்ந்துவிட்டது. தேவைப்பட்டு வாங்கியவை அதில் பாதிகூட இருக்காது. மீதியெல்லாம் பார்த்ததும் விட்டுவிட்டு வர மனம் வராதவை.

அந்த மனசை நான் குறை சொல்ல மாட்டேன். கைக்கருவி என்பது பார்த்தவுடன் புரியக்கூடிய பொருள். எது எங்கே திரும்பினால் என்ன நடக்கும் என்பது கண்ணுக்கு எதிரே தெரியும், அதற்குள் ஒளிந்திருக்கும் பாகம் எதுவும் கிடையாது. பழைய கருவியாக இருந்தால் இன்னொரு மனிதரின் கையும் அதில் இருக்கும். பீச் மரத்தில் செய்த ஒரு பழைய இழைப்புளி என்னிடம் இருக்கிறது. விளிம்பில் அலங்கார வளைவு எடுப்பதற்கானது. அதன் முன்முகத்தில் இரண்டு பேருடைய பெயர்களை அச்சுக் குத்தியிருக்கிறார்கள், ஒன்று தேய்ந்தது, மற்றது சற்றுத் தெளிவானது. பிரிட்டனில் அந்தக் காலத்துத் தச்சர்கள் தங்கள் மர இழைப்புளிகளில் இப்படிப் பெயர் குத்திவைப்பது வழக்கம். பட்டறையில் பலர் கருவிகளும் கலந்து கிடக்கும்போது அடையாளம் வேண்டுமே. அதன் பின்பகுதியில் உள்ளங்கை படும் இடம் மட்டும் கருத்து, வழவழவென்று குழிந்திருக்கும். என் கையை அங்கே வைத்தால் சரியாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு முறை வைக்கும்போதும் ஒரு கணம் அப்படியே நின்றுவிடுகிறேன்.

ஆனால் ஆசை எல்லாமே இப்படிப்பட்டது இல்லை. வரிசையை நிரப்பும் ஆசை என்று ஒன்று உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த லெனார்ட் பெய்லி வடிவமைத்த இரும்பு இழைப்புளிகளின் காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கியது. பிறகு அவற்றை அளவுவாரியாக எண் போட்டு விற்றது. இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த எண்களில்தான் பேசுகிறோம். மேற்பரப்பை மெருகாக்கும் 4ஆம் எண் சுமார் 9 அங்குலம், எல்லா வேலைக்கும் கைகொடுக்கும் 5ஆம் எண் 14 அங்குலம், 6 என்றால் 18, நீண்ட விளிம்பை நேராக்கும் 7 என்றால் 22, எல்லாவற்றிலும் பெரிய 8 என்றால் 24 அங்குலம். எண் என்று ஒன்று வந்துவிட்டால் இடைவெளி கண்ணை உறுத்தத் தொடங்கும். 4, 5, 7 மூன்றும் எனக்கு வேலைக்காக வந்தவை. 3ஆம் எண்ணும் 6ஆம் எண்ணும் அலமாரியில் இடம் காலியாக இருந்ததால் வந்தவை. 6ஐக் கொண்டு நான் செய்த எந்த வேலையையும் 5ஆலோ 7ஆலோ செய்திருக்க முடியும்.

இந்த உளி விஷயத்தை எனக்குத் தெரிந்த மூத்த தச்சர் ஒருவரிடம் சொன்னேன். ஐம்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தம்பி, கருவி வாங்குறது தப்பே இல்ல. தீட்ட நேரம் இருக்கா? அதைச் சொல்லு முதல்ல” என்றார். என்னிடம் பதில் இல்லை. அவருடைய பையில் ஐந்து உளிகள்தான் இருந்தன. அதில் ஒன்று தீட்டித் தீட்டி விரல் நீளத்துக்குக் குறுகியிருந்தது. “இது பாதி ஆயுசு எனக்கு உழைச்சிருக்கு” என்று அதன் வாயைத் துணியால் துடைத்துத் திரும்பவும் பைக்குள் வைத்தார்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒழுங்காகக் கவனித்துவரும் உளியின் கூரைப் புதுப்பிக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். முழுக்க மழுங்கவிட்டால் அரை மணி நேரம். பின்பக்கம் தட்டையாக இல்லாத பழைய உளியை முதல்முறை சரிசெய்ய ஒரு மாலை முழுக்கப் போகும். எனக்கு வாரத்தில் கிடைப்பது ஆறேழு மணி நேரம். அதில் எத்தனை முனைகளை நான் உயிரோடு வைத்திருக்க முடியும்? உளி, இழைப்புளித் தகடு, சுரண்டும் தகடு எல்லாம் சேர்த்து 15, மிஞ்சினால் 20. என் வீட்டில் இருந்தவற்றை எண்ணினால் 80ஐத் தாண்டின. ஸ்டான்லியின் 45ஆம் எண் என்று ஒரு இழைப்புளி உண்டு. தகட்டை மாற்றி மாற்றிப் பள்ளம், விளிம்பு, அலங்காரக் கோடு எல்லாம் போடலாம். அழகான கருவி. அதை வாங்கியபோது ஒரு கருவி வாங்கியதாகத்தான் நினைத்தேன். கூடவே வந்த 21 தகடுகளையும் யாராவது தீட்டியாக வேண்டும் என்பது அப்போது தோன்றவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் இரண்டு புகழ்பெற்ற கருவிப் பெட்டிகள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று இங்கிலாந்தில் ராச்செஸ்டர் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜோசப் சீட்டன் என்பவர் தன் மகன் பெஞ்சமினுக்காக 1796 டிசம்பரில் ஒரு முழுத் தொகுப்புக் கருவிகளை வாங்கிக் கொடுத்தார். மகன் அவற்றை வைக்க 1797இல் அருமையான ஒரு பெட்டியைச் செய்து, உள்ளே இருப்பவற்றைப் பட்டியலும் போட்டு வைத்தார். அதன் பிறகு அந்தக் கருவிகள் பெரும்பாலும் பயன்படவே இல்லை. அதனால்தான் 18ஆம் நூற்றாண்டின் கருவிகள் எப்படி இருந்தன என்பதற்கு இன்று அதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. உளியின் முழு நீளம், ரம்பப் பல்லின் முதல் வடிவம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மற்றது அமெரிக்காவில் பியானோ செய்துவந்த ஹென்றி ஸ்டட்லியின் பெட்டி. மூடினால் சுமார் 39 அங்குல உயரம், சுவரில் மாட்டிவிடலாம். அதற்குள் 200க்கும் மேற்பட்ட கருவிகள், ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துக் குடைந்த இடம், கருங்காலியும் முத்துச்சிப்பியும் பதித்த வேலைப்பாடு. அதைத் தன் தொழிலுக்காகச் செய்துகொண்டார்.

வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கு சீட்டன் பெட்டி பெரிய கொடை. ஆனால் ஒரு மரவேலைக்காரனாகப் பார்த்தால் எனக்கு அதில் சந்தோஷமும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. அவ்வளவு நல்ல உளிகளுக்கு மரத்தில் இறங்க அதிகம் வாய்ப்பே கிடைக்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஸ்டட்லி வைத்திருந்தது அதிகம், ஆனால் அவை தொழிலுக்கென்று வைத்திருந்தவை. அதனால் எண்ணிக்கை எனக்குப் பொருட்டில்லை. கை எட்டும் தூரத்தில், கூரோடு, எடுத்த வேலைக்கு உதவும்படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதலில் எதையும் தூக்கிப் போடவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. ஒரு காலி அலமாரித் தட்டை ஒதுக்கினேன். அடுத்து மூன்று பொருட்கள் செய்வது என்று முடிவு செய்தேன்: அந்தக் கீல் வைத்த பெட்டி, துளையும் குடுமியுமாக மூட்டுப்போட்ட ஒரு முக்காலி, சுவரில் மாட்டும் ஒரு புத்தகத் தட்டு. வேலைக்கு எடுத்த கருவியைப் பழைய இடத்தில் வைக்காமல் இந்தக் காலித் தட்டில்தான் வைக்க வேண்டும். ஐந்து மாதம் ஆயிற்று. முடிந்தபோது தட்டில் இருந்தவை: 5ஆம் எண், 4ஆம் எண் இழைப்புளிகள், ஒரு கைக்கடக்கமான சிறு இழைப்புளி, கால், அரை, முக்கால் அங்குல உளிகள், அகலமான உளி ஒன்று, கொட்டாப்புளி, நீளவாக்கில் அறுக்க ஒரு ரம்பம், குறுக்கே அறுக்க ஒன்று, மூட்டு வெட்ட முதுகுப்பட்டை வைத்த சிறு ரம்பம், மூலைமட்டம், கோடு போடும் கத்தி, விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் மார்க்கிங் கேஜ், கையால் சுற்றும் துளைப்பான், சுரண்டும் தகடு. நீண்ட பலகையின் விளிம்பை நேராக்க 7ஆம் எண் ஒரே ஒரு நாள் வெளியே வந்தது.

எனக்கு ஆச்சரியம் தந்தது 5ஆம் எண்தான். அதற்கு இரண்டாவது தகடு ஒன்றை வாங்கி, அதன் வாயை லேசான வில் போல வளைத்துத் தீட்டி வைத்தேன். வளைந்த தகட்டைப் போட்டால் மேடு பள்ளமான பலகையைக் குறுக்கே ஓட்டிச் சீக்கிரம் சமன்படுத்திவிடும். நேர்த் தகட்டைப் போட்டால் விளிம்பை நேராக்கும். ஒரு இழைப்புளிக்கு இரண்டு தகடு, இரண்டு இழைப்புளியை விட எனக்கு அதிகம் உழைத்திருக்கிறது. தொடங்குகிறவர்களுக்கு முதலில் எதை வாங்கச் சொல்வீர்கள் என்று கேட்டால் தயங்காமல் 5 என்பேன்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. ரேகை சுழித்து ஓடும் மரங்களில் இழைத்தால் மேற்பரப்பு பெயர்ந்து பெயர்ந்து வரும். அதற்காகத் தகடு வழக்கத்தைவிட நிமிர்ந்து நிற்கும் விசேஷ இழைப்புளி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த 4ஆம் எண்ணிலேயே தீர்வு இருந்தது. தகட்டின் மேல் இரண்டாவதாக ஒரு தகடு அமரும், சிப்பிரேக்கர் என்பார்கள். ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தில் கவாய், கட்டோ என்ற இரு பேராசிரியர்கள் மரம் சீவப்படுவதை மிக நெருக்கத்தில் படம்பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த மேல்தகட்டைக் கீழ்த்தகட்டின் வாய்க்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு தூரத்தில் வைத்தால், எழும்பும் சீவலை அது உடனே முன்னால் மடக்கிவிடுகிறது. மடங்கிய சீவலால் மரத்தின் நாரைப் பிளந்துகொண்டு முன்னே ஓட முடியாது, அதனால் பெயர்வதில்லை. என் மேல்தகட்டின் முன்விளிம்பும் அதைத் தாங்கும் தகடும் இடைவெளி இல்லாமல் பொருந்தும்படி கல்லில் தேய்த்து, ஒரு முடி அளவுக்குக் கிட்டத்தில் நகர்த்திவைத்து ஓட்டிப் பார்த்தேன். சீவல் சுருளாமல் நேராக, நாடா போல எழும்பி வந்தது. கீழே பலகை கண்ணாடி மாதிரி இருந்தது. விசேஷ இழைப்புளி தேடுவதை அன்றோடு விட்டேன்.

அலமாரியில் அசையாமல் இருந்தவற்றில் பழையவை அதிகம். பழைய கருவி வாங்குகிறவர்களுக்கு நான் பட்டதைச் சொல்கிறேன். உளியிலும் இழைப்புளித் தகட்டிலும் பின்பக்கத்தைத் திருப்பி, வாயை ஒட்டிய ஓர் அங்குலத்தை மட்டும் பாருங்கள். மேலோட்டமான துரு போய்விடும். குழி விழுந்த துரு போகாது, ஒவ்வொரு முறை தீட்டும்போதும் வாயில் ஒரு பல் விழுந்ததுபோல அது வெளிப்படும். எனக்குப் பிடித்த அந்த நான்காவது உளி அப்படித்தான். இழைப்புளியில் அடிப்பகுதியின் வாய்த்துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது வார்ப்பிரும்பு, கீழே விழுந்தால் விரிசல் விடும். உடைந்த கைப்பிடியைப் பற்றிக் கவலை வேண்டாம், அதை நாமே மரத்தில் செய்துகொள்ளலாம். ரம்பத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் தகடு ஓரிடத்தில் மடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல் நுனி மட்டும் நீலம் பாய்ந்து இருந்தால் அது கடினமாக்கப்பட்ட பல், அரம் ஏறாது, மழுங்கினால் தகட்டையே மாற்ற வேண்டியதுதான். மூலைமட்டத்துக்கு நேரான விளிம்புள்ள ஒரு பலகை போதும். விளிம்பில் வைத்து ஒரு கோடு, திருப்பி வைத்து அதே புள்ளியில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் சரி. விலகினால், விலகியதில் பாதிதான் மட்டத்தின் பிழை.

துரு எடுப்பதில் நான் ஒரு நல்ல பொருளைக் கெடுத்திருக்கிறேன். பழைய எஃகு அளவுகோல் ஒன்றை வினிகரில் ஊறப்போட்டு, வேறு வேலையில் மறந்து, மூன்றாம் நாள் எடுத்தேன். துருவோடு கோடுகளும் எண்களும் போய்விட்டன. அமிலம் துருவைத் தின்று முடித்தால் எஃகைத் தின்னத் தொடங்கும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பார்த்து, போதும் என்றதும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, உடனே ஈரமில்லாமல் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். சலவைச் சோடா கரைசலில் மின்சாரம் பாய்ச்சித் துரு எடுப்பது பெரிய இழைப்புளிகளுக்கு நல்லது, எஃகைத் தின்னாது. ஆனால் திறந்த இடத்தில் செய்யுங்கள், ஹைட்ரஜன் வெளியேறும். மறுமுனையில் சாதாரண இரும்பையே கட்டுங்கள். எவர்சில்வரைக் கட்டினால் அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரைசலில் இறங்கும். கருவியில் பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும், உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

தீட்டுவதற்கு நான் மூன்று கல் வைத்திருக்கிறேன்: 1000, 4000, 8000. எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும். அப்புறம் ஒரு பலகையில் ஒட்டிய தோல். உளியின் பின்பக்கத்தில் வாயை ஒட்டிய அங்குலத்தை ஒரே ஒருமுறை தட்டையாக்கிப் பளபளப்பாக்கிவிட்டால், அப்புறம் சரிவை மட்டும் பார்த்தால் போதும். 25 பாகையில் சரிவு, வாயில் மட்டும் 30 பாகையில் ஒரு மெல்லிய விளிம்பு. 1000 கல்லில் தேய்க்கும்போது பின்பக்கம் விரலை வாய்க்கு வெளிப்புறமாகத் தடவினால் ஒரு பிசிறு தட்டுப்படும். முழு அகலத்துக்கும் அந்தப் பிசிறு வரும்வரை அடுத்த கல்லுக்குப் போகக் கூடாது. நான் ஆண்டுக்கணக்கில் செய்த தவறு அதுதான், பிசிறு வருவதற்குள் பொறுமையிழந்து 8000க்குத் தாவியது. மழுங்கிய வாயை மெருகேற்றிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் விட எனக்கு உதவியது, கற்களை எடுத்து உள்ளே வைக்காமல் மேசையின் ஒரு மூலையில் நிரந்தரமாக வைத்தது. முன்பெல்லாம் கல்லை எடுத்து, நனைத்து, மேசையைக் காலிசெய்து என்று இருந்ததால் இன்னும் பத்து வெட்டு வெட்டிவிட்டுத் தீட்டலாம் என்று தள்ளிப்போடுவேன். இப்போது இரண்டு எட்டு வைத்தால் கல். வெட்டும் சத்தம் மாறியவுடன் போய்த் தீட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

மீதிக் கருவிகள்? பெயர் குத்திய அந்தப் பீச் மர இழைப்புளியையும் இன்னும் சிலவற்றையும் வைத்துக்கொண்டேன். அவற்றைப் பிரிய எனக்கு மனமில்லை, அதற்கு வேறு காரணம் தேடவும் இல்லை. இரட்டையாக இருந்தவற்றைப் புதிதாக மரவேலை தொடங்கிய ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். ஒரு 5ஆம் எண், மூன்று உளி, ஒரு மூலைமட்டம். கொடுக்கும் முன் மூன்று உளிகளையும் முழுக்கத் தீட்டினேன். முதல்முறை உளி பிடிக்கிறவர் கையில் மழுங்கிய கருவியைக் கொடுத்தால் தன் கைதான் சரியில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். ஒரு துண்டு மரத்தின் வெட்டுமுகத்தில் கையழுத்தத்தாலேயே சீவச் சொன்னேன். மெல்லிய சீவல் ஒன்று உடையாமல் வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, மரம் இவ்வளவு மெத்துன்னு இருக்குமா?” என்று கேட்டார்.

கருவி வாங்குவதை நான் நிறுத்தவில்லை. போன மாதம் பழைய ஸ்போக்‌ஷேவ் ஒன்று வந்தது, இரண்டு கையாலும் பிடித்து வளைவான விளிம்பைச் சீவும் கருவி. அது இன்னும் அலமாரிக்குப் போகவில்லை. தகட்டின் பின்பக்கத்தை நேற்று இரவு தட்டையாக்கி முடித்தேன். பக்கத்திலேயே நாற்காலிக்கான முதல் கால், கோடு போட்டு, வைஸில் இறுக்கிய நிலையில் இருக்கிறது.